இடது பக்கம் மட்டும்

காலை எட்டே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன். பத்தரைக்குப் பெரம்பலூரில் இருக்க வேண்டும். மழையில்லாத நாளில் எங்கள் ஊரிலிருந்து அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று யாரைக் கேட்பது? வானத்தைத்தான் கேட்க வேண்டும். அது மூன்று நாளாக வாயை மூடவில்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சநாதனுக்கு இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்தில் எங்கேயும் மெஷின் காலியில்லாததால் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்தோம். வியாழக்கிழமை புயல் மழையில் எங்கள் ஊர் ஓடைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போனது. ஊரை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த முறை தவறிவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவருடைய கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரியாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் தூங்கினார் என்று சொல்கிறேன், நான் தூங்கவில்லை. அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் வெற்றிச்செல்வி எடுத்தாள்.

"அம்மா, இன்னைக்கி எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க. பத்தரைக்கு மெஷின் போடணும். பதினொண்ணு வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அதுக்கு மேல அடுத்த ஆளு உக்காந்துட்டாருன்னா சாயங்காலம்தாங்கம்மா."

சாயங்காலம் வரைக்கும் இவர் தாங்குவாரா? போனை வைத்துவிட்டு அவருக்குச் சட்டையை மாட்டினேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஆரம்பத்தில் வாடகைக்கு வந்துகொண்டிருந்த டிரைவர் வெளிநாடு போய்விட்டார். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு நோயாளியை ஏற்றிப்போய், நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, திரும்பக் கூட்டி வர வேறு யாரும் அகப்படவில்லை. சரி, நாமே ஓட்டிவிடலாம் என்று அரியலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் வாங்கி ஒரு பழைய ஆல்டோவில் ஓட்ட ஆரம்பித்து அன்றைக்குப் பதினாலு மாதம்.

இதில் ஒரே ஒரு தொல்லைதான். என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் இருபத்தாறு வருடம் டிப்பர் லாரி ஓட்டியவர். சுண்ணாம்புக்கல் குவாரிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே அவர் ஓட்டிய தூரத்தை நீட்டினால் இமயமலைக்குப் பலமுறை போய் வந்துவிடலாம். "கிளட்ச மிதிச்சுக்கிட்டே போவாத", "கியர கொற", "ஹாரன அடி, அதுக்குத்தான் வச்சிருக்கான்" என்று வாய் ஓயாது. வாய் ஓய்ந்தால் கால் ஓயாது. அவர் பக்கம் பிரேக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆனாலும் மிதிப்பார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்துக் கால்மிதியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

அன்றைக்கு வாயும் ஓய்ந்திருந்தது, காலும் ஓய்ந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அரியலூரைத் தாண்டும்போது மணி ஒன்பது இருபது. எங்கள் பக்கத்து மழையில் சேறு கறுப்பாக இருக்காது, வெள்ளையாக இருக்கும். லாரிகள் சிந்திப் போகும் கல்தூள் ரோட்டில் படிந்து, மழை பட்டதும் தோசை மாவாகக் கரைந்து கிடக்கும். டயர் அதில் ஏறினால் ஸ்டீயரிங் நம் பேச்சைக் கேட்காது. முப்பதுக்கு மேல் நான் போகவில்லை. முன்னால் தார்ப்பாய் மூடிய ஒரு லாரி இருபதில் போய்க்கொண்டிருந்தது. அதன் இடது பக்க இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைந்தது.

"போ, வேணி" என்றார். வண்டியில் ஏறிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"எங்க போறது? அவன் லெப்ட்ல திரும்பப் போறான்."

"லெப்ட்ல ரோடா இருக்கு? வயக்காடு இருக்கு. வயக்காட்டுல கொண்டுபோயி லாரிய உழப் போறானா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "லெப்ட்டு போட்டான்னா நீ என்னைத் தாண்டிப் போன்னு அர்த்தம். ரைட்டு போட்டான்னா எதிர்ல வண்டி வருது, பின்னாடியே இருன்னு அர்த்தம். இத எத்தன வாட்டி சொல்றது?"

"டிரைவிங் ஸ்கூல்ல அப்படிச் சொல்லித் தரலீங்களே."

"டிரைவிங் ஸ்கூல்காரன் லாரி ஓட்டியிருக்கானா? ஏறிப் போ."

எதிரே யாரும் வரவில்லை என்று எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு தாண்டினேன். தாண்டும்போது இவர் கண்ணாடியை இறக்கி, மழையில் கையை நீட்டி, லாரிக்காரனைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார். ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறாகப் புடைத்த இடது கை. அதை நனைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யார் சொல்லி என்ன? வழிவிட்டவனுக்குக் கை காட்டாமல் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"எனக்கு எத்தன பேரு காட்டியிருப்பான் தெரியுமா?" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "டிவிஎஸ் பிப்டியில போறவன்லேருந்து கார்ல போறவன் வரைக்கும். மழை நாளுன்னா இன்னும் ஜாஸ்தி. பஞ்சநாதன் வண்டின்னா ரோட்டுல ஒரு மரியாதை இருந்துச்சு."

இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வேலையை விட்ட பிறகு அவரிடம் மிச்சமிருந்த சொத்து அந்த மரியாதை ஒன்றுதான். கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு அவர் பேசுகிறார் என்பதே போதுமாக இருந்தது.

மழை இன்னும் இறுகியது. வைப்பர் அடித்த இடம் அடுத்த நொடியே மறைந்தது. நான் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை அழுத்தினேன். நாலு இண்டிகேட்டரும் 'டிக் டிக்' என்று எரிய ஆரம்பித்தன.

"ஆங், அது" என்றார். "மழைன்னா நாலையும் போட்டு வுட்டுறணும். நான் வண்டியில கைய வச்ச நாள்லேருந்து அப்படித்தான். அப்பறம் நம்ம வேலை முன்னாடி பாக்குறது. பின்னாடி வர்றவன் அவன் பாத்து வரட்டும்."

எனக்கும் அந்தச் சத்தம் தைரியமாக இருந்தது. நாலு பக்கமும் விளக்கு எரிகிறது, எல்லாருக்கும் நம்மைத் தெரிகிறது என்று ஒரு நிம்மதி.

குவாரிக்குப் பிரியும் மண் ரோட்டு முனையில் ஒரு டிப்பர் மெயின் ரோட்டில் ஏறக் காத்திருந்தது. அதற்கு வழிவிட்டு நிறுத்தினேன். அது பள்ளத்தில் இறங்கி ஏறி எங்கள் வலது பக்கமாக உரசிக்கொண்டு போனது. அள்ளி அடித்தது பாருங்கள், ஒரு பாண்டுச் சட்டி நிறையச் சிமெண்ட் கலவையைக் கொண்டுவந்து காரின் மேல் கொட்டினாற்போல! என் பக்கத்துக் கண்ணாடி வெள்ளையடித்த சுவராகிவிட்டது. காரின் பின்பக்கம் வரைக்கும் 'சொத்து சொத்து' என்று விழும் சத்தம் கேட்டது.

"நாசமாப் போறவன்" என்றேன்.

"அவன் என்ன பண்ணுவான், பள்ளம் அப்படி" என்றார். லாரிக்காரனை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கண்ணாடியை இறக்கி, துணியை எடுத்து, கை எட்டின மட்டும் துடைத்தேன். பக்கத்துக் கண்ணாடி, சைடு மிர்ரர் இரண்டையும் துடைத்தேன். மழையில் இறங்கி நின்று மற்றதையெல்லாம் துடைக்க நேரமில்லை. மணி ஒன்பதே முக்கால்.

அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். பேரளிக்கு இந்தப் பக்கம். பின்னால் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. மிர்ரரில் மங்கலாகத்தான் தெரிந்தது. புருஷன், பெஞ்சாதி, நடுவில் பிளாஸ்டிக் கவரைப் போர்த்திய ஒரு பெண் குழந்தை. கொஞ்ச நேரம் பின்னாலேயே வந்தவன், என்ன நினைத்தானோ, சட்டென்று வலது பக்கம் ஒடித்து என்னைத் தாண்டினான். அவன் என் கதவுக்கு நேரே வரும்போது எதிரே மழைக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது.

பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்கப் போனேன்.

"மிதிக்காத! கால எடு, கால மட்டும் எடு!" என்று கத்தினார் இவர்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இடது பக்கம் ஒதுங்கினேன். கார் லேசாக ஆடி நிதானத்துக்கு வந்தது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே இருந்த ஒரு ஆள் அகலத்தில் அந்த பைக் நுழைந்து முன்னால் போய்விட்டது. அந்தப் பெண்ணின் முந்தானை என் சைடு மிர்ரரில் பட்டது. குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அது சிரித்துக்கொண்டிருந்தது.

பத்தடி போனதும் அந்த ஆள் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினான்.

"அறிவுகெட்டவன்!" என்று கத்தினேன். "பொண்டாட்டி புள்ளய கொல்லப் பாத்துட்டுக் கைய வேற காட்டிட்டுப் போறான். எதுக்காம்?"

இவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். இரண்டு நாளுக்கப்புறம் சிரித்தார். "நீ ஓரம் ஒதுங்குன பாரு, அதுக்குத்தான். அவன் அவசரக்காரன், அது வேற. ஆனா உனக்குக் கை காட்டிட்டான் பாரு. இன்னைக்குத்தான் நீ டிரைவரு."

பதினாலு மாதத்தில் அவர் வாயால் நான் வாங்கிய முதல் சர்டிபிகேட். கோபம் இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்ததும் மூச்சு திரும்பவில்லை. சீட்டின் நுனிக்கு வந்து டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். உதடு கறுத்திருந்தது. "தண்ணி" என்றார். பாட்டிலில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நான் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடியில் ஊற்றி ஒரு வாய் கொடுத்தேன். ரோட்டிலும் வயலிலும் வானத்திலும் தண்ணீர், என் புருஷனுக்கு மட்டும் ஒரு மூடி. மணி பத்து பதினைந்து. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.

மறுபடி வண்டியை எடுத்ததும் என்னை அறியாமல் காலை அழுத்தினேன். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. பின் சக்கரம் ஒரு தடவை வெடுக்கென்று நழுவித் திரும்பியது.

அவர் என் முழங்கையில் கையை வைத்தார். அந்தக் கையில் கனமே இல்லை.

"மெதுவாப் போ, வேணி."

"பதினொண்ணுக்குள்ள போவணுங்க."

"போவலாம். நான் ஒருத்தன் போறதுக்கு ரோட்டுல போற நாலு பேரயும் சேத்துக் கூட்டிட்டுப் போவணுமா? மெதுவாவே போ."

கண்ணீர் வந்தது. வைப்பர் கண்ணாடியைத்தான் துடைக்கும், கண்ணையா துடைக்கும்? முப்பதுக்குக் குறைத்தேன். பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எனக்கு வயது பத்து கூடியிருக்கும். 'டிக் டிக்' என்று அந்தச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது பத்து ஐம்பத்திரண்டு. வெற்றிச்செல்வி வீல்சேரோடு வராண்டாவிலேயே நின்றாள். "வந்துட்டீங்களாம்மா, வாங்கப்பா, வாங்க" என்று அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நானும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். எடை பார்த்தார்கள். ஊசி போட்டார்கள். மெஷின் ஓட ஆரம்பித்தது. ஆக்சிஜன் வைத்து அரை மணி கழித்துத்தான் உதட்டில் கொஞ்சம் ரத்த ஓட்டம் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நேரத்துக்கு வந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேரத்துக்கு வந்தோம். நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அந்த மழையில், அந்தச் சேற்றில், ஒருவர் மேலும் உரசாமல், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்று நினைத்தபோது, களைப்பிலும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். வாட்ச்மேன் தங்கராசு.

"யக்கா, அந்த வெள்ளை ஆல்டோ உங்களுதுதானே? லெப்ட்டு இண்டிகேட்டர போட்டுட்டு வந்துட்டீங்க. அப்பலேருந்து எரிஞ்சுக்கிட்டே கெடக்கு. பேட்டரி எறங்கிடும்."

"லெப்ட்டு இல்லண்ணே, நாலும் போட்டிருந்தேன். அவசரத்துல அமத்த மறந்துட்டேன்."

"நாலுமா? இல்லியே யக்கா. லெப்ட்டு மட்டும்தான் எரியுது. வந்து பாருங்க."

இந்த மனுஷனுக்குக் கண் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனேன். மழை விட்டிருந்தது. காரின் பின்னால் போய் நின்றேன்.

இடது விளக்கு பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. வலது விளக்கு இருந்த இடத்தில் விளக்கே இல்லை. விரல் கனத்துக்கு வெள்ளைச் சேறு அப்பி, பூசு வேலை பார்த்த மாதிரி இறுகியிருந்தது. குவாரி முனையில் அந்த டிப்பர் அடித்தது. நான் பார்க்கிற கண்ணாடியை எல்லாம் துடைத்திருந்தேன். என்னைப் பார்த்து வருகிறவனுக்கு இருந்தது அந்த இரண்டு விளக்குகள்தான். அவற்றில் ஒன்று குருடாகிக் கிடந்ததை நான் இறங்கிப் பார்க்கவேயில்லை.

இடது விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. போ, போ, போ.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த பைக்காரன் என் பின்னாலேயே நிதானமாகத்தான் வந்தான். அவசரக்காரனாக இருந்தால் வந்த வேகத்திலேயே தாண்டியிருப்பான். மழையில் முன்னால் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்னால் போகிற எனக்குத் தெரியும் என்று நம்பினான். நான் இடது பக்கம் போட்டு, தாண்டிப் போ என்று சொன்னதாக நினைத்துத்தான் பெஞ்சாதியோடும் பிள்ளையோடும் வலது பக்கம் ஏறினான். அப்புறம், வழிவிட்ட புண்ணியவதிக்குக் கை காட்டிவிட்டுப் போனான்.

அந்தக் குழந்தையின் சிரிப்பு கண்ணில் வந்து நின்றது. காரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினேன். தங்கராசு, "என்னக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டார். உள்ளே கிடந்த பாட்டிலை எடுத்து, கோடு போட்டு வைத்திருந்த அவருடைய தண்ணீரை அந்த விளக்கின் மேல் ஊற்றி, நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கடைசித் துண்டும் விழுந்த பிறகு வலது விளக்கும் மின்ன ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் போய் ஸ்விட்சை அமர்த்தினேன்.

திரும்ப உள்ளே வந்தபோது அவர் விழித்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "என்ன, கையெல்லாம் சுண்ணாம்பு?" என்றார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சொல்லிவிட்டேன். ரைட்டு விளக்கு மூடிக் கிடந்ததை, லெப்ட்டு மட்டும் எரிந்ததை, அந்த டிப்பர் அடித்ததிலிருந்து அப்படியே வந்ததை.

"அந்த பைக்காரன நான்தாங்க கூப்பிட்டுருக்கேன்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இறங்கிப் பார்க்கத் தெரியாதா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். மெஷினில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பியபோது பேசினார்.

"இருவத்தாறு வருசம், வேணி."

"என்னங்க?"

"டிப்பரு பின்னாடி எப்பவும் சேறுதான். மழையில நாலையும் போட்டுட்டுப் போவேனே தவிர, ஒரு நாளும் எறங்கி வெளக்கத் தொடச்சதில்ல." ஊசி இல்லாத வலது கையைத் தூக்கி உள்ளங்கையைப் பார்த்தார். "மழை நாள்லதான் நெறைய பேரு கை காட்டுவான். நான் என்னமோ எனக்கு மரியாதன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுங்க. எல்லாரும் நல்லபடியாத்தான் போயிருப்பாங்க. கை காட்டிட்டுல்ல போனாங்க?"

"கை காட்டுனவன் போயிட்டான்" என்றார். "காட்டாதவன் எத்தன பேருன்னுதான் நெனச்சுப் பாக்குறேன்."